மதிலுக்கு வெளியே எஸ்தர்

சுண்ணாம்பு வாசனை இன்னும் சட்டையில் இருக்கிறது. ரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் கல் தேவாலயத்தின் இடிந்த சுவர்களைப் பூசி, மரபுச் சின்னம் என்று இன்று காலை பலகை திறந்தார்கள். செய்தி எழுதப் போயிருந்தேன். படம் எடுக்க நீ இல்லை, மச்சான்.

நாம் முதன்முதலில் அங்கே போனபோது கூரை கிடையாது. பீடம் இருந்த இடத்தில் ஆல் வேர்விட்டிருந்தது. மதிலுக்குள் வெள்ளைக்காரத் துரைமாரின் சலவைக்கல் கல்லறைகள். அவற்றைப் படமெடுத்த கையோடு என்னை மதிலுக்குப் பின்னால் கூட்டிப்போனாய். லயத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளிச் சனங்களைப் புதைத்த இடம் அது. கல் வைக்க அந்தக் காலத்துத் தோட்ட நிர்வாகம் விடவில்லை. அதனால் ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு குரோட்டன் செடி. சிவந்த இலையோடு நின்ற ஒன்றைக் காட்டி, "எங்கம்மா, எஸ்தர்" என்றாய்.

"பக்கத்துல எனக்கும் எடம் புடிச்சு வச்சிருக்கேன். தொரைமாருக்குத்தான் மச்சான், செத்த பொறகும் மதில் வேணும்" என்று சிரித்தாய்.

தேவாலயத்தைக் காப்பாற்றச் சொல்லி நான் எழுதினேன். நீ படம் தந்தாய். கேட்டது கிடைத்தது. துப்புரவு வேலை தொடங்கியதாகக் கேள்விப்பட்டு நாம் போய்ச் சேர்ந்தபோது, மதிலுக்குப் பின்னால் மண்ணைச் சமப்படுத்திப் புல் பதித்திருந்தார்கள். அங்குமிங்கும் தேடி நடந்தாய். பிறகு கால் வைக்கவே பயந்து நின்றுவிட்டாய்.

"எங்கம்மா இதுல எங்க இருக்காங்கன்னு காட்டுங்க" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாய்.

"செடி பத்தையத்தானேங்க வெட்டுனோம்? ஒரு கல்லு வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

அவரிடம் நீ சண்டை பிடிக்கவில்லை. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. போன மாதம் உன்னை மாத்தளை நகரச் சேமக்காலையில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் புதைத்தோம்.

இன்று திறந்த பலகையில் துரைமார் பெயர்களில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. சரிபார்த்தேன், தொழில் பழக்கம். கூட்டம் கலைந்ததும் அங்கிருந்த இளம் அதிகாரியிடம், ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது என்றேன். பண்பான பிள்ளை. உடனே பேனாவை எடுத்தார்.

"சொல்லுங்க ஐயா."

"எஸ்தர்."

"எந்தத் தொரையோட சம்சாரம்?"

கொழுந்து பறித்தவர், பின்னால் அந்தப் புல்லுக்குக் கீழே இருக்கிறார் என்றேன். எழுதாமலே பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். உன் அம்மாவின் பெயர் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, மச்சான். எனக்கும் வயதாகிறது.