ஒற்றைப் பல்சக்கரமும் ஹெனரலும்

மார்ச் 3, ஞாயிறு
அந்திப்போலோ சந்தையில் இன்று கைகலப்பு. என் மனைவி சாலிங்கின் தம்பி திபுர்சியோ தன் சைக்கிளில் முன்பக்கம் ஒரே பல்சக்கரம் மாட்டியிருக்கிறான். என்னுடையதில் மூன்று. "மூணையும் சுமந்துக்கிட்டு ஒரு மேடு ஏற முடியல, பாவம் மாமா" என்றான். அறைந்தேன். அவனும் அறைந்தான். என் அறைதான் மீன்கடை வரை கேட்டது.

பந்தயம்: அடுத்த ஞாயிறு மலைச் சிலுவை வரை ஏறி, கல்பாதையில் இறங்க வேண்டும். தோற்றவனின் சண்டைச் சேவல் ஜெயித்தவனுக்குக் குழம்பு. என் சேவல் ஹெனரல், பெயருக்கேற்ற தளபதி, பதினாறு சண்டை கண்டவன். இரண்டு எதிரிகள் அவனைப் பார்த்தே செத்தன.

மார்ச் 5, செவ்வாய்
நானும் ஒற்றைச் சக்கரம்தான் இனி. பட்டறைக்காரன் பீலோ தடுத்தான். நடுச்சக்கரத்தை வை, செயினை நகர்த்தும் தகட்டைக் கழற்றினால் அதைப் பிடித்துவைக்க ஒன்றும் இருக்காது, தடித்த பல்லும் மெலிந்த பல்லும் மாறி மாறி வரும் சக்கரம் வாங்கு என்றான். எனக்கா பாடம்? பெரியதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அந்தத் தகட்டையும் சுத்தியலால் அடித்துப் பிடுங்கினேன். கட்டைவிரல் நகமும் கூடவே போயிற்று. ஒரு வாளி ரத்தம்.

மார்ச் 9, சனி
வண்டி அஞ்சு கிலோ இளைத்துவிட்டது. ஹெனரலுக்கு அவித்த முட்டை.

மார்ச் 10, ஞாயிறு
ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன் என்கிறார்கள். வண்டிக்கு இளைப்பாறுதல் கொடுத்தேன், அவ்வளவுதான். இறக்கத்தில் புலி மாதிரி அவனை நெருங்கினேன். மூன்றாவது பாறையில் செயின் துள்ளி விழுந்தது. மிதித்த கால் வெறுமையில் போய், சக்கரத்தின் பல் கெண்டைக்காலைக் கிழித்தது. எலும்பு தெரிந்தது - தெரிந்த மாதிரி இருந்தது.

திபுர்சியோ வண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தான். சிரிக்க வருகிறான் என்று நினைத்தேன். கல்லை எடுத்தேன். உருண்டோம். அவன் மணிக்கட்டு என் காலடியில் முறிந்த சத்தம்... அதை எழுத வேண்டாம்.

தூக்கிவிடத்தான் வந்தானோ?

மார்ச் 11, திங்கள்
காலில் முப்பது தையல்.

மார்ச் 12, செவ்வாய்
திபுர்சியோ மாவுக்கட்டோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்தான். "ஜெயிச்சாலும் சேவல் வேணாம்னு சொல்லத்தான் இருந்தேன் மாமா. விழுந்தவரைத் தூக்க வந்தேன், கைய ஒடிச்சிட்டீங்க. இப்ப என்னால கத்தி பிடிக்க முடியாது. நீங்களே வெட்டுங்க."

சாலிங் கத்தியை என் முன்னால் வைத்தாள்.

ஹெனரல் திமிறவில்லை. முட்டை தருவேன் என்று நினைத்து என் கையைக் கொத்திப் பார்த்தான்.

ஒரே வெட்டில் முடித்தேன் என்று சந்தையில் சொல்லியிருக்கிறேன்.

மூன்று.