பாரசீகப் பெண்ணின் பின்பக்கம்

அன்பு மனைவி பெட்டாவுக்கு, வெனிசிலிருந்து சுவானே. நான் சுகம், உன் இருமல் நின்றதா?

பல நாட்டுப் பெண்களின் உடைகளைக் காட்டும் புத்தகத்துக்குப் படம் செதுக்க இங்கே என்னை மிஞ்ச ஆளில்லை. பாரசீகப் பெண்ணைப் பார்த்ததில்லை. அதனால் உன்னையே, உன் முக்காட்டோடு மரக்கட்டையில் செதுக்கிவிட்டேன். நேற்று பாரசீகத்தில் வாழ்ந்த அர்மீனிய வியாபாரி ஒருவர் வந்து படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“பொய்னு தெரிஞ்சா, இன்னைக்கே மூட்டையைக் கட்டு,” என்று என் காதில் சொன்னார் அச்சக முதலாளி. நான் உளிகளைத் துடைத்துப் பையில் போட்டேன், சுத்தத்துக்காகத்தான்.

“செருப்பு தப்புய்யா. ஆனா இந்த அம்மாவை தப்ரீஸ் சந்தையில பார்த்திருக்கேன்,” என்றார் வியாபாரி.

அண்ணன் பிள்ளைகளிடம் சித்தப்பா பாரசீகமே போய்வந்ததாகச் சொல்.

இப்போது முதலாளிக்கு அவளுடைய பின்பக்கமும் வேண்டுமாம். மாதக் கடைசியில் அந்த வியாபாரியே மறுபடி வந்து பார்ப்பார். முக்காடு உன் முதுகில் எப்படி விழும் என்று உடனே எழுது. எவ்வளவு யோசித்தும் வாசலில் நின்ற உன் முகம்தான் வருகிறது. அன்று முதுகைக் காட்டிப் போனவன் நான்தானே.

ஊருக்குக் கடிதம் கொண்டுவரும் கழுதைக்காரன் அவசரப்படுத்துகிறான்.

உன் சுவானே