டாக்டரிடம் சொல்லாதது

1934 ஆகஸ்டு 9, வியாழன். மயிலாப்பூர்.

நொச்சிக்குப்பத்து மீனவர் இன்று காலை வார்டில் இறந்துவிட்டார். நேற்று அவர் வயிற்றைத் தொட்டபோது பலகைபோல் இறுகியிருந்தது. குடலில் ஓட்டை விழுந்திருக்குமோ என்று நினைத்தேன். எங்களுக்குப் பாடம் சொல்லும் டாக்டர் வெறும் அஜீரணம் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று டாக்டரே எங்களிடம், "தப்பு என்னோடதுதான். உங்கள்ல ஒருத்தருக்குக்கூடவா சந்தேகம் வரல்லே?" என்று கேட்டார். அப்போதும் பேசாமல் நின்றேன்.

வராந்தாவில் இறந்தவரின் மனைவி என்னை நிறுத்தினாள்.

"நேத்து நீதானே நைனா அமுக்கிப் பாத்தே? உனுக்கு எதுனா தெரிஞ்சிச்சா?"

"தெரியல்லேம்மா" என்றேன்.

"நீயாவது தொட்டுப் பாத்தியே" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வீட்டில் அம்மா பரிமாறியதையெல்லாம் சாப்பிட்டேன். அழுகைகூட வரவில்லை. நாளை டாக்டரிடம் உள்ளதைச் சொல்லவேண்டும். சொல்வேனா, தெரியவில்லை.