செல்லி கையில் அழுத பிள்ளை

தருமபுரி
18-9-1969

சித்தேரி தீர்த்தன் அண்ணனுக்கு, ஆஸ்பத்திரி நர்ஸ் ராஜமேரி எழுதுவது. உங்கள் மகள் செல்லி இங்கே சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இதைப் படித்துச் சொல்லும் வாத்தியார் ஐயா, கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

இன்று காலை அதியமான்கோட்டையிலிருந்து கோவிந்தம்மாள் என்ற பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம். டாக்டரம்மா ஆபரேஷனில் இருந்தார். வார்டில் நானும், என்னிடம் பயிற்சிக்கு விட்டிருக்கும் செல்லியும்தான். பிள்ளை பிறந்தது. அழவில்லை. உடம்பெல்லாம் நீலம். அதே நேரம் தாய்க்கு ரத்தம் நிற்காமல் போகிறது. யாரை நான் பார்ப்பது?

அண்ணா, இவள் வந்த புதிதில் ஊசியைக் கண்டாலே சுவரோரம் ஒதுங்கினவள். பப்பாளிக்காயில் குத்திக் குத்திப் பழக்கினேன். அதட்டியும் இருக்கிறேன், அழுதும் இருக்கிறாள். இன்று என் முகத்தைப் பார்த்து, "நீங்க தாயைப் பாருங்கக்கா, புள்ளைய நான் பாத்துக்கறனுங்க" என்றாள்.

நான் தாயின் வயிற்றை அழுத்திப் பிடித்தபடி, திரும்பாமலே சொல்லச் சொல்ல, அவள் குழந்தையின் வாயிலிருந்த சளியை ரப்பர் குழாயால் உறிஞ்சினாள். முதுகைத் தேய்த்தாள். சத்தமில்லை. துணிப் பொம்மையை வைத்து முன்பு சொல்லிக்கொடுத்தபடியே, வாயோடு வாய் வைத்து மெல்ல ஊதினாள். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவள்தான் ஊதுவதும், "அழுடா சாமி, அழுடா" என்று கெஞ்சுவதுமாக இருந்தாள்.

அழுதானே பாருங்கள்! வெளியே நின்ற அவன் அப்பன் முனிராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். தாய்க்கும் ரத்தம் நின்றது. டாக்டரம்மா வந்து, "யாரும்மா ஊதினது?" என்று கேட்க, உங்கள் மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இழுத்து முன்னால் நிறுத்தினேன். எத்தனையோ பிரசவம் பார்த்த நான், வராந்தாவெல்லாம் ஓடி ஓடிச் சொன்னேன். மேட்ரன் அதட்டியும் கேட்கவில்லை.

அந்த ஓட்டத்தில்தான் உங்கள் ஊர் மல்லையன் எதிரில் வந்தார். சாமை அறுப்பு முடிந்ததும் செல்லிக்குக் கல்யாணமாம். ஞாயிற்றுக்கிழமை வந்து செல்லியைக் கூட்டிப்போகிறீர்களாம். பெற்றவர் நீங்கள், நான் குறுக்கே நிற்க முடியாது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று ஒரு நாளாவது சிரித்துக்கொண்டு இருக்கட்டும்.

இதை மல்லையன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வாருங்கள் அண்ணா. அண்ணியையும் கூட்டிவாருங்கள். செல்லி தங்கியிருக்கும் விடுதிக்குப் போகாமல் நேரே வார்டுக்கு வாருங்கள். கோவிந்தம்மாள் அதுவரை இங்கேதான் இருப்பாள். அந்தப் பிள்ளையை உங்கள் மடியில் தருகிறேன், கொஞ்ச நேரம் வைத்திருங்கள். பிறகு உங்கள் மனம் எப்படிச் சொல்கிறதோ அப்படிச் செய்யுங்கள். பயிற்சி முடிய இன்னும் ஐந்தே மாதம்தான்.

உங்கள் வீட்டையும் காட்டையும் கடவுள் காப்பாற்றட்டும்.

உங்கள் தங்கை,
ராஜமேரி