குட்டி நாய்தானே என்று சொன்னார்கள், நைனா

என் ஆசை நைனாவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதல் வருடப் பூசை. தெருமுனையில் ஒட்டுவதற்குப் போஸ்டர் அடிக்கக் கொடுத்திருக்கிறோம். உன் தம்பி, அந்தோணி சித்தப்பா, ‘உடல்நலக் குறைவால் இறைவனடி சேர்ந்தார்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். நான் அச்சகத்துக்கே போய் அந்த வரியை எடுத்துவிட்டு, ‘வெறிநோயால் இறந்தார்’ என்று போடச் சொன்னேன்.

சித்தப்பா போனில் கத்தினார். “இன்னா ஜெசிந்தா நீ? நாய் கடிச்சி செத்தான்னு ஊரெல்லாம் ஒட்டணுமா? செத்தவன அசிங்கப்படுத்துறியா?”

எது அசிங்கம், நைனா? ஹார்பரில் கிரேன் ஓட்டி நாற்பது டன் கன்டெய்னரை அலுங்காமல் இறக்கி வைத்த மனிதன், உள்ளங்கை அளவு குட்டியின் பல் பட்டுச் செத்துப்போனது அசிங்கமா? அல்லது உனக்குத் தப்பான வழி சொன்னவர்கள் இன்றைக்கும் தலைநிமிர்ந்து நடப்பது அசிங்கமா?

அந்தக் குட்டியைப் பற்றி அம்மா இப்போதுதான் முழுதாகச் சொன்னாள். ஒரு வருடமாக அவளுக்கு வாய் வரவில்லை.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் ரோட்டில், ஒரு டயருக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்ததை நீ லுங்கியில் சுருட்டி எடுத்து வந்தாயாம். “வூட்ல ஏற்கெனவே மணி நாயி கீது, பூனை வேற கீது, இது எதுக்கு?” என்று அம்மா கேட்டிருக்கிறாள். “மழை நிக்கட்டும், வுட்டுர்றேன்” என்றாயாம். நீ எதையும் விட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

முதல் நாள் பால் குடித்தது. மறுநாள் குடிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. துடைப்பத்தைக் கடித்தது, சுவரைக் கடித்தது. குரல் கரகரவென்று மாறிவிட்டது. கீழ்த்தாடை தொங்கி, எச்சில் நூலாக வடிந்தது. தொண்டையில் மீன்முள் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து நீ அதன் வாயைத் திறந்து விரலை விட்டுத் தேடினாய். அப்போதுதான் கடித்தது. அடுத்த நாள் செத்தும் போனது.

கடித்த அன்றைக்குப் பார்த்து வந்தார் உன் சிநேகிதர், காசிமேட்டு துரை மாமா. மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்தால் விஷம் இறங்கிவிடும் என்றார். வைத்துக்கொண்டாய். எரிந்திருக்குமே, நைனா? குழாயைத் திறந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டிய காயத்தில் மிளகாய்த்தூள்!

அது போதாதென்று மெடிக்கல் பாஸ்கரிடம் போனாய். நம் தெருவில் மருந்துக் கடை வைத்திருப்பதால், எல்லோருக்கும் அவன்தான் டாக்டர். குழந்தைக்கும் அவன், கிழவிக்கும் அவன், நாய்க்கும் அவன். அஞ்சலை அக்கா தன் பழைய பூனைக்குக் காய்ச்சல் என்று போய் நின்றபோது, மனிதர்கள் போடும் காய்ச்சல் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்தவன் அவன். அந்தப் பூனை முகம் வீங்கி, ஈறெல்லாம் பழுப்பாகி, மூச்சுக்குத் தவித்துச் செத்தது. அந்த மாத்திரை பூனைக்கு விஷம் என்று பிறகு மிருக டாக்டரம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்போதே அவனை நாலு கேள்வி யாராவது கேட்டிருந்தால்?

உன்னிடம் அவன் என்ன சொன்னான் என்பதை மட்டும், உன்னை அடக்கம் செய்த அன்றே அம்மா அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். “குட்டி நாய் தானண்ணே? பால் பல்லுக்கு இன்னா விஷம்? அதுவும் வூட்ல வச்சிகினு இருந்த நாயி. ஒரு டி.டி. போட்டுக்கோ, போதும்.”

அதையே போட்டும் விட்டான். டி.டி. ஊசி, துருவும் மண்ணும் பட்ட காயத்தில் வரும் ரணஜன்னியைத் தடுக்கும். வெறிநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீயும் நிம்மதியாக வீடு திரும்பினாய். ஏனென்றால் உன் மனதில், தொப்புளைச் சுற்றி ஊசி குத்துவார்கள் என்ற அந்தக் காலத்துப் பயம் இருந்தது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், நைனா. சில தவணை. காய்ச்சல் ஊசி மாதிரிதான். அரசு ஆஸ்பத்திரியில் காசும் இல்லை.

அந்த ஞாயிறு நான் எண்ணூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து வந்தபோது விரலில் துணி சுற்றியிருந்தாய். “இன்னா நைனா?” என்று கேட்டேன். “தகரம் கிழிச்சிடுச்சி” என்றாய். அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டினாய். ஏன் பொய் சொன்னாய்? நான் திட்டுவேன் என்றா? ஆமாம், திட்டியிருப்பேன். திட்டிக்கொண்டே ஆட்டோ பிடித்திருப்பேன். என் கோபத்துக்குப் பயந்து நீ உயிரையா விட வேண்டும்?

மணிக்கு நீ வருடம் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டவன். வெயிலில் அதைத் தோளில் சுமந்து கால்நடை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவன். நாய்க்குப் போட்ட ஊசியை உனக்குப் போட்டுக்கொள்ள ஏன் தோன்றவில்லை? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

மழைக்காலம் முடிந்து, விரல் ஆறி, எல்லோரும் மறந்த பிறகு அது வந்தது. கடிபட்ட விரலில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்றாய். பிறகு காய்ச்சல். பிறகு ஒரு காலையில் டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் தொண்டை இறுகி, டம்ளரைத் தூக்கி எறிந்தாய். ஃபேன் காற்று பட்டாலே உடம்பு தூக்கிப் போட்டது. அம்மா போன் செய்தாள். ஓடி வந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் பணியிலிருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. உன்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “நாய், பூனை ஏதாவது கடிச்சுதா?” என்பதுதான். நீ அம்மாவைப் பார்த்தாய். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். என்னை வெளியே கூப்பிட்டு, “கடிச்ச அன்னைக்கே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். இப்ப மருந்தே இல்ல” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

உள்ளே வந்தேன். “டாக்டரு இன்னா சொல்றாங்க?” என்று கேட்டாய். பிறகு, “தாகமா கீதும்மா, ரவ தண்ணி குடு” என்றாய். கொடுத்தேன். உன்னால் தண்ணீரைப் பார்க்கக்கூட முடியவில்லை. அதற்கு மேல் எழுத என்னால் முடியாது, நைனா.

உன்னை அடக்கம் செய்து வந்த ஈரம் காயும் முன்பே தெருவில் கதை கிளம்பிவிட்டது. நீ குடித்துக் குடித்தே செத்தாயாம். கிளப்பியது யார் என்று நினைக்கிறாய்? பாஸ்கர்தான். தன் பெயர் வெளியே வந்துவிடக் கூடாதே! பண்டிகைக்கு ஒரு கிளாஸ் ஒயினைத் தாண்டாத மனிதனைக் குடிகாரனாக்கிவிட்டான்.

அதோடு விடவில்லை. குடியிருப்போர் கூட்டத்தைக் கூட்டி, தெரு நாய்களை எல்லாம் ஒழித்துக்கட்ட வேண்டும் என்று பேசினான். நீ குடித்துச் செத்திருந்தால் நாய்களை எதற்கு ஒழிக்க வேண்டும்? இந்தக் கேள்வி அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் எழுந்து கேட்டேன். “நீ எண்ணூர்ல வாழ்ந்துகினு இங்க வந்து நாட்டாமை பண்ணாத” என்று உட்கார வைத்தார்கள்.

அந்த வாரமே யாரோ பிரியாணிச் சோற்றில் விஷம் வைத்தார்கள். யார் என்று தெரியாது. நீ தினமும் பிஸ்கட் போடும் செவலை நாய், வாயில் நுரையோடு சாக்கடை ஓரம் செத்துக் கிடந்தது. அதோடு சேர்ந்து வேறு சில நாய்களும், இரண்டு காகங்களும். மணி வீட்டுக்குள் இருந்ததால் தப்பித்தது.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்த்து என் அழுகை நின்றுவிட்டது. “செத்ததுல பாதிக்கு நாங்க ஊசி போட்டிருந்தோம்மா! ஊசி போட்ட நாய் இருக்கிற தெருவுக்கு அதுதான் பாதுகாப்பு. அதுங்கள கொன்னா, ஊசி போடாத நாயி வேற எங்கிருந்தோ வந்து அந்த இடத்தைப் பிடிச்சுக்கும்” என்றார். முதல் வேலையாக, அந்தக் குட்டியின் எச்சில் பட்ட அம்மாவுக்கு ஊசி போட்டாகிவிட்டதா என்று கேட்டார். பெரியாஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டார்கள் என்றேன். மணியையும் நம் பூனையையும் கொண்டுவரச் சொல்லி அவற்றுக்கும் ஊசி போட்டார். பிறகு, “நாய்களைப் பிடிச்சுக் கொடுக்க ஆள் இருந்தா, நானே உங்க தெருவுக்கு வர்றேன்” என்றார்.

ஆள் எங்கே கிடைப்பார்கள்? வீடு வீடாகப் போனேன். சிலர் கதவையே திறக்கவில்லை. கடைசியில் வந்து நின்றவர் துரை மாமா. உன் சாவுக்குப் பிறகு அவர் நம் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. கிழிந்த மீன்வலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“மொளகாத்தூள் வச்சவன் நான்தாம்மா. என்னை இன்னா வேணா திட்டு. ஆனா வேலைய வாங்கிக்கோ.”

திட்டினேன், நைனா. நடுத்தெருவில் நிற்க வைத்துத் திட்டினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு காசிமேட்டிலிருந்து தோஸ்துகளைக் கூட்டி வந்து, சுறாவுக்கு விரிக்கிற மாதிரி சந்தின் இரண்டு பக்கமும் வலையை விரித்தார். ஒரு நாய்க்கும் அடிபடவில்லை. டாக்டரம்மா ஊசி போடப் போட, அடையாளத்துக்குச் சாயம் பூசி விட்டோம். வீட்டுப் பூனைகளைக் கூடையில் போட்டு மூடி எடுத்து வந்தார்கள். பூனைக்கும் இந்த ஊசி உண்டு என்பதே பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. போன மாதம் அஞ்சலை அக்கா வளர்க்கும் புதுப் பூனை, வேறு பூனையோடு சண்டை போட்டது. பிரிக்கப் போனவள் கையில் பல் இறங்கிவிட்டது. அவள் எங்கே போனாள்? பாஸ்கரிடம்! அவன் சொல்லியிருக்கிறான்: “பூனைக்கெல்லாம் வெறி புடிக்காதுக்கா. ஒரு டி.டி. போட்டுக்கலாம், வா.”

நல்லவேளையாக அவன் ஊசி போடும் முன்பே அம்மா பார்த்துவிட்டாள். எனக்குப் போன் வந்தது. நான் வந்து சேரும்வரை அம்மா அவள் கையைக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டு, காயத்தைச் சுற்றிலும் வேறொரு மருந்தையும் செலுத்தினார்கள். அஞ்சலை அக்கா தவணை தவறாமல் போய்ப் போட்டு வருகிறாள். பூனையும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான் நன்றாக இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவன் கடைக்குப் போனேன். கடை நிறையக் கூட்டம்.

“பாஸ்கர், எங்க நைனாக்கு நாய் கடிச்சப்ப நீ இன்னா ஊசி போட்ட?”

“இன்னாக்கா, வியாபார நேரத்துல வந்து பேஜார் பண்ற.”

“வியாபார நேரம்னுதான் வந்தேன். நாலு பேரு கேக்கட்டும். சொல்லு.”

“நான் இன்னா டாக்டரா? எனக்குத் தெரிஞ்சத சொன்னேன்.”

“தெரியாதுன்னு சொல்ல உனக்கு வாய் வரலையா? ‘எனக்குத் தெரியாதுண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போ’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க நைனா உசுரோட இருந்திருப்பாரு! அந்த ஒரு வார்த்தைக்கு இன்னா கொறஞ்சி போச்சி உனக்கு? கொன்னதும் இல்லாம குடிகாரன்னு வேற சொல்லிகினு திரியுற!”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், நீட்டியிருந்த மருந்துச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். பாஸ்கர் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று நடக்கிறது. போன வாரம் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவரை நாய் கடித்துவிட்டது. அவர் பாஸ்கரிடம் போய் நின்றாராம். “ஐயோ, எனக்குத் தெரியாதுப்பா. சோப்புப் போட்டுக் கழுவிகினு பெரியாஸ்பத்திரிக்கு ஓடு. இல்லன்னா அந்தப் பொம்பள வந்து கத்தும்” என்று அனுப்பி வைத்திருக்கிறான். மனசாட்சியில் அல்ல, பயத்தில்தான். பயத்தில் என்றாலும் சரி. அந்த மீன்காரர் பிழைத்துக்கொள்வார், நைனா.

எனக்கு உன் மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. பொய் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். தீரும் என்றும் தோன்றவில்லை, தீர வேண்டும் என்றும் இல்லை. அது இருப்பதால்தான் காலையில் எழுந்து நடக்கிறேன். அடுத்து எங்கள் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஊசி போட டாக்டரம்மாவைக் கேட்டிருக்கிறேன். வலையோடு வருவதாகத் துரை மாமா சொல்லியிருக்கிறார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கடித்தது குட்டி என்றாலும், வீட்டு நாய் என்றாலும், வெறும் பூனைக் கீறல் என்றாலும், ‘ஒன்றும் ஆகாது’ என்று எவனாவது வாய் திறந்தால், அந்த இடத்தில் நான் கத்துவேன். ஊரே என்னைச் சண்டைக்காரி என்று சொல்லட்டும். இங்கே இன்னொரு வீட்டில் இன்னொரு மகள், தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்து நிற்கக் கூடாது.

உன்னை இன்னும் திட்டிக்கொண்டே இருக்கும்
உன் மூத்த மகள்,
ஜெசிந்தா