மழைக்குப் பாலம் ஏறியவன்

ஹௌரா,
புதன்கிழமை

அப்பாவுக்கு முகிலனின் வணக்கம். முட்டிவலி தேவலையா? "போன்ல பேசனா அவருக்குக் காதுல வுழல, லெட்டராவே போட்டுடு" என்று அம்மா சொன்னதால் எழுதுகிறேன்.

நேற்று இங்கே நல்ல மழை. நான் நம் அனகாபுத்தூர் ஞாபகத்தில் கம்பெனி பைக்கை ஹௌரா பாலத்தின் மேல் ஏற்றி ஓரமாக நிறுத்திவிட்டேன். போலீஸ்காரர் ஓடிவந்தார். "எங்க ஊர்ல மழைன்னா வண்டியைப் பாலத்து மேல ஏத்திடுவோம் சார்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். சிரித்துவிட்டார். பிறகு அவரே பெருமையாகப் பாலத்தைக் காட்டினார். உலகப்போர் சமயத்தில் கட்டியதாம். நட்டு, போல்ட்டே கிடையாது, எல்லாம் அறைந்து இறுக்கிய ரிவெட் ஆணிதான். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. இரண்டு கரையிலிருந்தும் நீண்டுவந்து நடுவில் சேர்கிறது. அதெல்லாம் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

அம்மாவின் பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு அதுதான் தோது.

அங்கே மழை பிடித்தால், போன வருஷம் மாதிரி என் பைக்கை இடுப்பளவுத் தண்ணீரில் மேம்பாலத்துக்குத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். அம்மாவோடு மாடிக்குப் போய்விடுங்கள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

முகிலன்

பைக் சாவியைத் தேட வேண்டாம். ஹேண்டிலைப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்து வந்துவிட்டேன்.