சவுரியப்பன் மாடியில் டெலஸ்கோப்

26.2.1976, வியாழன்
அடுத்த வாரம் விடியற்காலையில் கிழக்கே வால் நட்சத்திரம் தெரியுமாம், ரேடியோவில் சொன்னார்கள். என் டெலஸ்கோப்போ சவுரியப்பன் மாமா மாடியில் கிடக்கிறது. பெங்களூரில் பழையதாக வாங்கி, கோணிப்பையில் சுற்றி, மொரப்பூர் வரை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அண்ணன் என்னைக் கேட்காமலே தூக்கிக் கொடுத்துவிட்டான். "பெரிய மனுசன் ஆசப்பட்டாரு. பொட்டப்புள்ள மாடியேறி நின்னா நாலு பேரு பேசுவாங்க." முப்பது தாண்டிய டீச்சர் பொட்டப்புள்ளையாம்.

28.2.76
திருப்பிக் கேட்டேன். "நேத்துகூட நெலா பாத்தேம்மா, அருமை. இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்" என்றார் மாமா. நாளை அமாவாசை. என்ன நிலாவைப் பார்த்தார்?

1.3.76
மாமா இண்டூர் போயிருந்தார். அவர் மனைவி ராஜமேரி அக்கா, "மேலதான் இருக்குது, போய்ப் பாரு" என்றார். குழல் வானத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேலே கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. தொடாமல் கண்ணை வைத்தேன். பம்புசெட்டுத் தொட்டி. ஊர்ப் பெண்கள் குளிக்கிற இடம். நானும் அங்கேதான் குளிக்கிறேன்.

அந்தக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அப்படித் தெரிந்தும் விடாமல் பார்த்திருக்கிறான். சீ! இனி அவனுக்கு என்ன மரியாதை?

2.3.76
அண்ணனிடம் சொன்னேன். "காத்துல சாஞ்சிருக்கும். வெளிய சொன்னா ஒம்பேருதான் கெடும்." காற்றா? குழலைப் பிடிக்கிற திருகாணி இறுக்கி முறுக்கியிருந்ததே. காற்றா முறுக்கியது?
விடியலில் வெறுங்கண்ணாலேயே வால் தெரிந்தது. நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. அவனும் இப்போது மாடியில் நிற்பான் என்ற நினைப்பு. வானத்தையும் நாசம் பண்ணிவிட்டான்.

3.3.76, திருநீற்றுப் புதன்
நெற்றியில் சாம்பலோடு முன்வரிசையில் முழங்காலிட்டு அவன்தான் ஜெபமாலை சொன்னான். த்தூ.
அவன் கோயிலில் இருக்கும்போதே அக்காவை மாடிக்குக் கூட்டிப்போனேன். "எதையும் அசைக்காம பாருங்கக்கா."
குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. "அங்க துணி அலசுறது எந்தங்கச்சி லூர்து" என்றார். விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்விட்டார். தப்புப் பண்ணிவிட்டேனோ?

6.3.76, சனி
விடியுமுன் கதவைத் தட்டினார்கள். ராஜமேரி அக்கா, தோளில் என் டெலஸ்கோப். பின்னால் லூர்தம்மாளும் இன்னும் நாலைந்து பெண்களும். அண்ணன் எழுந்து வந்து, "இந்நேரத்துல எங்க?" என்றான்.
"நீ உள்ள போயிப் படு, அருளு" என்றார் அக்கா.
பம்புசெட்டுத் தொட்டியருகே நிறுத்தினோம். வால் நட்சத்திரம் தலைகீழாகத் தெரிந்தது, யாரும் குறை சொல்லவில்லை. வெளிச்சம் வந்து அது மங்கியதும் லூர்தம்மாள் குழலை மெல்ல அந்த மாடிப்பக்கம் திருப்பினாள். கைப்பிடிச் சுவரோரம் அவன் நின்றிருந்தான். அக்கா முதலில் பார்த்தார். பிறகு வரிசையாக எல்லாரும் பார்த்தோம். என் முறை வருவதற்குள் அவன் சுவர் மறைவில் உட்கார்ந்துவிட்டான்.